வயலில் ஜெயித்து உரலில் தோற்ற ரகங்கள்

மலாவியில் சாப்பாடு என்றால் நிசிமாதான். வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டிக் கட்டியாக எடுக்கும் களி அது. தொட்டுக்கொள்ளக் கீரையோ மீனோ இருந்தால் போதும். வேறு எதைத் தின்று வயிறு நிறைந்திருந்தாலும், நிசிமா இல்லாத நாளை அங்கே சாப்பிட்ட நாளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் இந்தச் சிறிய நாட்டில் சிறு விவசாயிகளின் நிலத்தில் பெரும்பகுதி மக்காச்சோளத்துக்கே போகிறது. அதனால் அதிக மகசூல் தரும் வீரிய ஒட்டு ரகங்கள் வந்தபோது, நாட்டின் பசியே தீர்ந்துவிடும் என்று அதிகாரிகள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. பக்கத்தில் அன்றைய தெற்கு ரொடீஷியாவில் 1960ல் வெளியான எஸ்.ஆர். 52 என்ற ஒட்டு ரகம் பெரும் பண்ணைகளில் மகசூலை அள்ளிக் கொடுத்தது. மலாவியிலும் ஒட்டு ரகங்கள் வந்தன. விதையும் உரமும் கடனாகக் கிடைத்தன. இருந்தும் 1980களின் இறுதிவரை சிறு விவசாயிகளின் வயல்களில் நாட்டு மக்காச்சோளமே நின்றது. ஒட்டு ரகத்தை வாங்கிப் போட்டவர்களும் அதை விற்பனைக்கென்று ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வேண்டியதை நாட்டு ரகத்திலேயே விளைவித்துக்கொண்டார்கள்.

இதற்கு அலுவலகங்களில் சொல்லப்பட்ட விளக்கம் எல்லா நாடுகளிலும் கேட்டுப் பழகியதுதான். விவசாயிகள் பழமைவாதிகள், புதியதைக் கண்டு பயப்படுகிறார்கள், அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. உண்மையான காரணம் மக்காச்சோள மணிக்குள்ளேயே இருந்தது. அதை அன்றாடம் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள்.

ஒரு மக்காச்சோள மணியைக் குறுக்கே வெட்டினால் அதில் இரண்டு வகை மாவுப்பகுதி தெரியும். வெளிப்புறத்தில் ஒளி ஊடுருவுகிற கெட்டியான அடுக்கு. நடுவில் வெளுத்துப் பொடியாக உதிரும் மென்மையான பகுதி. மலாவியின் நாட்டு ரகங்களில் கெட்டிப் பகுதியே அதிகம். ஒட்டு ரகங்களில் மென்மையான பகுதி அதிகம். மணி காயும்போது அது சுருங்கி, தலையில் ஒரு குழி விழும். முதல் வகையைக் கெட்டிமணி என்றும் இரண்டாவதைக் குழிமணி என்றும் வைத்துக்கொள்வோம்.

இந்த வேறுபாடு வயலில் பெரிதாகத் தெரியாது. உரலில் தெரியும். மலாவிப் பெண்கள் விரும்பும் தூவெள்ளை மாவு ஒரே நாளில் ஆகிற காரியமல்ல. மணியை லேசாக ஈரப்படுத்தி உரலில் போட்டுக் குத்தி, மேல்தோலையும் முளையையும் பிரிக்க வேண்டும். முறத்தில் புடைத்துத் தவிட்டை ஒதுக்க வேண்டும். தோல் நீங்கிய நொய்யை ஒன்றிரண்டு நாளாவது தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி குத்தி, சலித்து, வெயிலில் காயவைக்க வேண்டும். கெட்டிமணி உலக்கைக்குத் தாக்குப்பிடிக்கும். தோல் மட்டும் சுத்தமாகக் கழன்றுவரும். குழிமணியோ முதல் குத்திலேயே நொறுங்கிவிடும். நொறுங்கிய மாவு தவிட்டோடு கலந்து, புடைக்கும்போது முறத்திலிருந்து வெளியேறிவிடும். மூட்டைக் கணக்கில் கூடுதலாக வந்த விளைச்சலில் ஒரு பங்கு இப்படிக் கோழிக்குத் தீனியாகப் போனது.

மிச்சத்தை வண்டு பார்த்துக்கொண்டது. கெட்டியான மணியைத் துளைப்பது வண்டுக்கும் கடினம். நாட்டு ரகத்தின் கதிரை மேலுறை இறுக்கமாக மூடியிருப்பதும் ஒரு பாதுகாப்பு. மருந்து அடிக்காமல் குதிரில் போட்டு அடுத்த அறுவடைவரை சாப்பிடுகிற குடும்பத்துக்கு இதுதான் முக்கியம். குழிமணி ரகத்தை அறுத்த கையோடு விற்றுவிட்டால் நஷ்டமில்லை. வைத்துத் தின்ன நினைத்தால்தான் சிக்கல்.

மலாவியின் மக்காச்சோளத்தை நெருங்கி ஆராய்ந்த பொருளாதார அறிஞர் மெலிண்டா ஸ்மேல் இந்தக் கதையை 1990களில் விரிவாக எழுதினார். அவர் காட்டிய உண்மை எளிமையானது. ஒரு ஏக்கருக்கு எவ்வளவு தானியம் என்று கேட்டால் ஒட்டு ரகம் ஜெயிக்கும். ஒரு ஏக்கருக்கு எவ்வளவு மாவு, அதுவும் பஞ்ச மாதங்களில் எவ்வளவு மாவு என்று கேட்டால், அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். முதல் கேள்வியைக் கேட்டவர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார்கள். இரண்டாவது கேள்வியின் விடையைத் தெரிந்து வைத்திருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் கேட்டார்கள். லிலோங்வே அருகிலுள்ள சிட்டெட்ஸே ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையத்திலிருந்து கெட்டிமணி வகைகளை வாங்கிக் கலந்து, எம்.எச். 17, எம்.எச். 18 என்ற இரண்டு ரகங்களை 1990ல் வெளியிட்டார்கள். ஒட்டு ரகத்தின் விளைச்சல், உரலுக்குத் தோதான மணி. அடுத்த சில ஆண்டுகளில் ஒட்டு மக்காச்சோளத்தின் பரப்பு விறுவிறுவென்று கூடியது. கடன் வசதியும் உர மானியமும் அதற்கு உதவின என்பதை மறைக்கக் கூடாது. 1990களின் நடுவில் அந்தக் கடன் அமைப்பு சரிந்தபோது வளர்ச்சியும் தடுமாறியது. ஆனால் நல்ல விதையும் கடனும் முன்பே இருந்த காலத்தில் நடக்காத ஒன்று, மணி மாறிய பிறகு நடந்தது.

இப்படி ஒரு முக்கியமான குணம் முப்பது ஆண்டுகள் கண்ணில் படாமல் போனது எப்படி? ஆண் விஞ்ஞானிகளின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதைவிட ஆழமான ஒரு காரணம், புதிய ரகத்தை உருவாக்கும் முறையிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம், நைஜீரியாவுக்குப் போக வேண்டும்.

உலகிலேயே அதிக மரவள்ளிக்கிழங்கு விளைவது நைஜீரியாவில்தான். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் அதே கிழங்குதான், ஆனால் அங்கே அது கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவு. பெரும்பகுதி காரி என்ற உலர்ந்த குருணையாக மாறுகிறது. காரி செய்வது அநேகமாக முழுக்கப் பெண்களின் தொழில். வீட்டுக்கும் செய்வார்கள், சந்தைக்கும் செய்வார்கள்.

பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். அதனால் வந்த உடனே உட்கார்ந்து கத்தியால் தோல் சீவ வேண்டும். நேரான கிழங்கு என்றால் நாலு இழுப்பில் முடியும். முண்டும் முடிச்சுமான கிழங்கு என்றால் பாதி நாள் அதிலேயே போகும், சதையும் தோலோடு வீணாகும். சீவியதைக் கழுவித் துருவும் இயந்திரத்தில் அரைத்து, சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றிச் சில நாள் விடுவார்கள். தண்ணீர் வடியும், புளிப்பும் ஏறும். கிழங்கில் இருக்கும் லினமரின் என்ற நச்சுப்பொருள் சிதைந்து, அதிலிருந்து வரும் சயனைடு பெருமளவு வெளியேறுவதும் இந்தக் கட்டங்களில்தான். பிறகு கட்டியை உடைத்துச் சலித்து, அகலமான இரும்புச் சட்டியில், விறகுப் புகைக்கு நடுவே கைவிடாமல் கிளறி வறுக்க வேண்டும்.

இனி இந்தப் பெண்ணின் கணக்கைப் பாருங்கள். கிழங்கில் தண்ணீர் அதிகமென்றால் பிழிந்தால் வடியும், வறுத்தால் ஆவியாகும். கடைசியில் கையில் மிஞ்சும் காரி குறையும். விறகு மட்டும் அதிகம் செலவாகும். அதனால் அவருக்கு வேண்டியது பெரிய கிழங்கு மட்டுமல்ல, உலர்பொருள் அதிகமுள்ள கிழங்கு. சந்தையில் காரி எடை போட்டு விற்கப்படுவதைவிடக் கிண்ணத்தில் அளந்து விற்கப்படுவதே வழக்கம். வாங்குகிறவர் குளிர்ந்த நீரில் கொஞ்சம் போட்டுப் பார்ப்பார். நல்ல காரி மூன்று மடங்குக்குக் குறையாமல் ஊத வேண்டும். கொதிநீரில் கிளறி எபா என்ற களியாக்கினால் இழுவையும் வழவழப்பும் வேண்டும். நிறத்தில் ஊருக்கு ஊர் ரசனை மாறும். தென்மேற்கில் புளிப்பும் மொறுமொறுப்புமான வெள்ளைக் காரிக்கு மவுசு. தெற்கில் சில பகுதிகளில் பனையெண்ணெய் சேர்த்த மஞ்சள் காரியைக் கேட்பார்கள்.

நைஜீரிய விவசாயிகளிடம் நடந்த ஆய்வுகளில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே முதலில் சொல்வது மகசூல். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. கிழங்கின் அளவு, நோய் தாங்கும் திறன், தண்டு நன்றாக வருமா என்பவை ஆண்களின் பட்டியலில் மேலே வருகின்றன. தோல் உரிக்கச் சுலபமா, காரி எவ்வளவு தேறும், எப்படி ஊதும், நிறம் என்ன, பறிக்காமல் மண்ணிலேயே விட்டுவைத்தால் எவ்வளவு நாள் கெடாது என்பவை பெண்களின் பட்டியலில் மேலே ஏறுகின்றன.

இப்போது ரகம் உருவாக்கும் விஞ்ஞானியின் இடத்தில் நின்று பாருங்கள். இபாதானில் 1967ல் தொடங்கிய சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்திலோ, உமுதிகேயில் உள்ள தேசியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலோ, வேலை ஆயிரக்கணக்கான நாற்றுகளோடு தொடங்குகிறது. ஒவ்வொன்றும் மரபணுவில் தனித்தனி. முதல் ஆண்டு ஒரே ஒரு செடி, அதில் சில கிழங்குகள். நோய் வந்ததா, கிழங்கு எத்தனை, எடை எவ்வளவு என்று பார்க்கலாம். அதிலேயே பெரும்பாலான நாற்றுகள் கழித்துக் கட்டப்படும். காரி வறுத்துப் பார்க்க வேண்டுமென்றால் மூட்டைக் கணக்கில் கிழங்கு வேண்டும். அத்தனை கிழங்கு கிடைப்பது பல ஆண்டு கழித்து, ஐந்தாறு ரகங்களே மிஞ்சிய கட்டத்தில். அதற்குள் தோல் சுலபமாக உரிந்த செடியும், அருமையாக ஊதிய செடியும் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். அவற்றை யாரும் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. அவை இருந்ததே தெரியாது.

பெண்கள் பார்க்கும் குணங்கள் பெரும்பாலும் அறுவடைக்குப் பிந்தியவை. அறுவடைக்குப் பிந்திய குணங்களை அளக்கச் செலவு அதிகம், நேரம் அதிகம், பொருள் அதிகம். அதனால் அவை வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டன. வரிசையின் கடைசியில் தேர்ந்தெடுக்க ஏதும் மிஞ்சுவதில்லை. நல்லெண்ணம் கொண்ட விஞ்ஞானி ஒருவர் இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாமல் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது.

இதன் விலையை மஞ்சள் மரவள்ளி காட்டியது. குழந்தைகளின் வைட்டமின் ஏ பற்றாக்குறையைப் போக்க, பீட்டா கரோட்டின் நிறைந்த மூன்று மஞ்சள் ரகங்களை நைஜீரியா 2011ல் வெளியிட்டது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் அந்த முதல் தலைமுறை ரகங்களில் உலர்பொருள் குறைவு. தாயின் அக்கறைக்கென்று உருவான கிழங்கு, அதே தாயின் சட்டியில் காரியைக் குறைத்தது.

ஏன் இரண்டும் சேர்ந்து வரவில்லை என்பது சுவையான மரபியல். ஆப்பிரிக்க மரவள்ளியில் கரோட்டின் ஏற ஏற உலர்பொருள் இறங்குவதை விஞ்ஞானிகள் முன்பே கவனித்திருந்தார்கள். கரோட்டின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் நொதிக்கான மரபணுக்களில் ஒன்றின் பெயர் பி.எஸ்.ஒய். 2. அது முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. 2017ல் வெளியான ஆய்வில், கரோட்டின் அளவோடும் உலர்பொருளின் அளவோடும் தொடர்புடைய இடம் அதே குரோமோசோமின் அதே வட்டாரத்தில் தெரிந்தது. ஆனால் லத்தீன் அமெரிக்க மரவள்ளி வகைகளில் இந்த எதிர் உறவு இவ்வளவு வலுவாக இல்லை. அதாவது நிறமும் மாவும் ஒரே செடியில் இருக்க முடியாதென்ற இயற்கை விதி ஏதுமில்லை. ஆப்பிரிக்க வகைகளில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒன்றாகவே கடத்தப்படும் மரபணுக்கள்தான் காரணமென்றால், அவற்றைப் பிரித்தெடுப்பதுதான் வேலை. பிந்தைய மஞ்சள் ரகங்களில் உலர்பொருளை உயர்த்தும் முயற்சி அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது.

இதுவரை சொன்னதை வைத்து, பெண்களின் தேர்வு என்றால் சமையலறையின் தேர்வு என்று முடிவுகட்டினால் அது பெரிய தவறாகிவிடும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பெண்களுக்குத் தனி நிலம் உண்டு, தனி விளைச்சல் உண்டு. மாலியில் குடும்பத்தின் பொது வயலை ஆண்கள் நடத்துவார்கள். பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் களைத்துப்போன, உரம் காணாத சிறு துண்டு. மாடும் ஏரும் பொது வயலின் வேலை முடிந்த பிறகுதான் அவர்களிடம் வரும். அதனால் விதைப்பு தாமதமாகும். தாமதமாக விதைத்தவருக்கு மழை ஓய்வதற்குள் விளைந்துவிடும் குறுகிய காலப் பயிர் வேண்டும். வளமில்லாத மண்ணிலும் ஏதாவது தரக்கூடிய ரகம் வேண்டும். நிலக்கடலையோடு ஊடுபயிராகப் போட்டால் ஒத்துப்போக வேண்டும். ஆராய்ச்சி நிலையத்திலோ சோதனை வயல்களுக்கு உரம் போட்டு, முதல் மழையிலேயே விதைத்து, தனிப்பயிராக வளர்த்துப் பார்ப்பார்கள். அங்கே முதலிடம் பெறும் ரகம் பெண்ணின் துண்டு நிலத்தில் என்ன செய்யும் என்பதை அந்தச் சோதனையால் சொல்லவே முடியாது.

மாலியின் சோளமும் மலாவியின் பாடத்தைத்தான் சொன்னது. 1970கள், 80களில் அங்கே கொண்டுவரப்பட்ட குட்டையான, அதிக விளைச்சல் தரும் சோள ரகங்களின் மணி மென்மையானது. குத்தினால் நொறுங்கியது; களி சரியாக வரவில்லை; பூஞ்சையும் பூச்சியும் எளிதில் பிடித்தன. உள்ளூரின் கினி வகைச் சோளம் விளைச்சலில் பின்தங்கினாலும் மணி கெட்டி. எவா வெல்ட்சியன் உள்ளிட்ட, இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பின்னர் கினி வகையையே அடிப்படையாக வைத்துப் புதிய ரகங்களை உருவாக்கி, விவசாயிகளின் வயலிலும் பெண்களின் உரலிலும் சோதித்தார்கள்.

கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் காட்சி வேறு. ஃபைசாபாத் வட்டாரத்தில் ஆண்கள் நகரங்களுக்கு வேலைக்குப் போய்விட, மானாவாரி நெல்லின் நாற்று நடவும் களையெடுப்பும் அறுவடையும் பெண்களின் தோளில் விழுந்தன. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சமூக அறிவியலாளர் தெல்மா பாரிஸ் 1990களின் இறுதியில் இந்தியச் சக ஆய்வாளர்களோடு அங்கே ஆய்வு செய்தார். களையை அமுக்கி வளரும் ரகம், மாட்டுக்கு நிறைய வைக்கோல் தரும் உயரமான ரகம், கதிரடிக்கச் சுலபமான ரகம், அரைத்தால் நொய்யாகாத ரகம் ஆகியவற்றைப் பெண்கள் எடுத்துச் சொன்னார்கள். குட்டை நெல்லைப் பசுமைப் புரட்சியின் சாதனை என்கிறோம், சாதனைதான். ஆனால் செடி குட்டையானபோது களைக்கு வெயில் கிடைத்தது, மாட்டுக்கு வைக்கோல் குறைந்தது. களை பறிப்பதும் மாட்டுக்குத் தீனி தேடுவதும் பெண்ணின் வேலையாக இருந்ததால், குட்டை ரகத்தின் செலவில் ஒரு பகுதி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

பெண்களை முன்னதாகவே, தேர்வு நடக்கும் இடத்துக்கே கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு ஒரு நாடு சோதனை செய்தே விடை தந்தது.

ருவாண்டாவில் பீன்ஸ் என்பது ராஜ்மா இனத்தைச் சேர்ந்த உலர் பருப்பு. ஏழைக் குடும்பங்களின் புரதம் பெரும்பாலும் அதிலிருந்துதான். மலைச்சரிவு, மண், மழை, உயரம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் மாறிவிடும் நாடு அது. பெண்கள் பல ரகங்களைக் கலந்து விதைப்பார்கள். எந்தச் சரிவுக்கு எந்தக் கலவை, வாழைமர நிழலுக்கு எது, மெலிந்த மண்ணுக்கு எது என்பது அவர்களுக்குப் பரம்பரை அறிவு. 1980களின் இறுதியில் லூயிஸ் ஸ்பெர்லிங் என்ற மானுடவியலாளரும் அவருடைய சகாக்களும், ருவாண்டாவின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஊரில் பீன்ஸ் விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த பெண்களை ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்து, சோதனை வயலில் நின்ற செடிகளைப் பார்த்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வழக்கத்தில் இரண்டு மூன்று ரகம் மிஞ்சிய பிறகே விவசாயியிடம் கொண்டுபோவார்கள். இங்கே அதற்கு வெகுமுன்னதாகவே.

அந்தப் பெண்கள் விதையின் நிறத்தையும் அளவையும் மட்டும் பார்த்துப் போய்விடவில்லை. செடி எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது, காய் தரையைத் தொட்டு மழையில் அழுகுமா, இலை எவ்வளவு, வாழைக்கடியில் போட்டால் தாங்குமா என்று ஒவ்வொன்றாக எடைபோட்டார்கள். நிலையத்தின் வளமான வயலில் நிற்கும் செடியைப் பார்த்து, தன் வீட்டு மெலிந்த மண்ணில் அது எப்படி நிற்கும் என்று கணிக்கும் திறமை அவர்களிடம் இருந்தது. தேர்ந்தெடுத்த விதைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் கலவைகளுக்குப் பக்கத்திலேயே விதைத்தார்கள். முடிவுகள் 1993ல் வெளியாயின. பெண்கள் தேர்ந்த ரகங்கள் அவர்களுடைய சொந்தக் கலவைகளைவிட 38 சதவீதம்வரை அதிக விளைச்சல் தந்தன. அதே பகுதிகளில் விஞ்ஞானிகள் தேர்ந்து அனுப்பிய ரகங்களால் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை.

இந்த எண்ணை நிதானித்துப் பார்க்க வேண்டும். இங்கே போட்டி சுவையிலோ வேகும் நேரத்திலோ அல்ல. விஞ்ஞானிகளின் சொந்த மைதானமான மகசூலில். 1994ன் இனப்படுகொலை அந்த நாட்டையே சிதைத்தது, இந்த வேலையும் அதில் அறுந்தது. அதன் பிறகு நாட்டின் விதைகளை மீட்கச் சர்வதேச ஆராய்ச்சி மையங்கள் கைகோத்து ஒரு தனித் திட்டமே நடத்த வேண்டியிருந்தது.

ஆண் ஒன்றைக் கேட்பான், பெண் வேறொன்றைக் கேட்பாள் என்று இதை ஒரு சூத்திரமாக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. நெல் ஆராய்ச்சியாளர்கள் கிராமங்களில் நடத்தும் வாக்கெடுப்பு இதற்கு நல்ல மருந்து. அறுவடைக்கு முன் விவசாயிகளை வயலுக்கு அழைத்து, ஒவ்வொரு ரகத்தின் முன்னும் ஒரு பையோ உறையோ வைப்பார்கள். பிடித்த ரகத்துக்கும் பிடிக்காத ரகத்துக்கும் சீட்டுப் போட வேண்டும். ஆண்களின் சீட்டையும் பெண்களின் சீட்டையும் தனித்தனியே எண்ணுவார்கள். கூட்டத்தில் வாய் திறக்காத பெண்ணும் இங்கே சீட்டுப் போட்டுவிடுவார். எண்ணிப் பார்த்தால், பல ஊர்களில் ஆண்களின் முதல் தேர்வும் பெண்களின் முதல் தேர்வும் ஒன்றாகவே இருக்கும். ஏன் பிடித்தது என்று கேட்டால்தான் காரணங்கள் வேறுபடும்.

காரணங்கள் செய்கிற வேலையிலிருந்து வருகின்றன. வேலை கைமாறினால் காரணமும் கைமாறும். சந்தைக்கு விளைவிக்கும் பெண்ணின் பட்டியல், சந்தைக்கு விளைவிக்கும் ஆணின் பட்டியலை நெருங்கிவிடுகிறது. ஆண் துணையின்றிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும், கணவனோடு சேர்ந்து விவசாயம் செய்யும் பெண்ணுக்கும் தேவைகள் ஒன்றல்ல. இயந்திரமும் இதை மாற்றும். கொல்லிமலையில் சாமையும் தினையும் சுருங்கியதற்கு ஒரு காரணம், அவற்றின் உமியைக் கையால் குத்தி நீக்கும் பாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானிய அரவை இயந்திரங்களை வைத்தபோது பெண்களின் தோளிலிருந்து அந்தச் சுமை கணிசமாக இறங்கியது. குத்தும் வேலை இல்லையென்றால், குத்தச் சுலபமா என்ற கேள்விக்கு முன்னிருந்த கனம் இருக்காது.

சில நேரங்களில் புதிய பயிர்முறையே யாருடைய பயிர் என்பதை மாற்றிவிடும். காம்பியாவில் சதுப்பு நில நெல் பெண்களின் பயிர். 1984ல் அங்கே தொடங்கிய ஜஹாலி பச்சார் பாசனத் திட்டம் பெண்களுக்கு நிலம் தருவதாகச் சொல்லியே வந்தது. பாசனம் வந்து, ஆண்டுக்கு இரு போகமாகி, நெல்லில் பணம் தெரிந்ததும் அது குடும்பத்தின் பொதுப் பயிரானது. பொதுப் பயிர் என்றால் அதன்மேல் அதிகாரம் குடும்பத் தலைவருக்கு. பெண்களின் உழைப்பு மட்டும் பழையபடி தொடர்ந்தது. பெண்களின் பயிருக்கு நல்ல ரகம் கொடுப்பவர்கள், அது லாபம் தரத் தொடங்கினால் யார் கைக்குப் போகும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேட்டறிந்ததை அளவீடாக மாற்றும் வேலை இப்போது சூடுபிடித்திருக்கிறது. வேகும் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். மேட்சன் குக்கர் என்றொரு எளிய கருவி உண்டு. ஒரு தட்டில் 25 குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பீன்ஸ் விதை. ஒவ்வொரு விதையின் மேலும் எடையுள்ள ஒரு ஊசி. அப்படியே கொதிநீரில் இறக்குவார்கள். விதை வெந்ததும் ஊசி அதைத் துளைத்துக் கீழே விழும். இருபதாவது ஊசி விழும்போது கடிகாரத்தைப் பார்ப்பார்கள்; அதுவே அந்த ரகத்தின் வேகும் நேரம். அமெரிக்காவின் மிச்சிகனில் கேரன் சிச்சியும் சகாக்களும் இருநூறுக்கும் மேற்பட்ட பீன்ஸ் வகைகளை ஊறவைத்து இப்படிச் சோதித்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். சில வகைகள் 17 நிமிடத்தில் வெந்தன. சில 90 நிமிடம் எடுத்தன. இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு மரபு வழியே கடத்தப்படுவது. ஆக, விறகு சுமக்கும் பெண்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்த ஒரு குறையை, நோய் எதிர்ப்பைத் தேர்ந்தெடுப்பது போலவே தேர்ந்தெடுத்துச் சரிசெய்யலாம். வேகும் நேரம் குறைந்த ரகத்தில் இரும்புச்சத்து உடலில் சேர்வதும் மேம்படலாம் என்று அதே குழுவினரின் ஆய்வுகள் காட்டுகின்றன.

மரவள்ளியில் இதைவிடக் கடினமான சோதனை. பிரான்சின் சிராட் நிறுவனம் முன்னின்று 2017ல் தொடங்கிய ஆர்.டி.பி. ஃபுட்ஸ் திட்டத்தில், அனுபவமுள்ள பெண்கள் பல ரகங்களில் காரியும் ஃபூஃபூ என்ற களியும் செய்து, எது நன்று, ஏன் நன்று என்று ஒப்பிட்டுச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை இழுவை இவ்வளவு, நிறம் இவ்வளவு என்று ஆய்வுக்கூட எண்களாக்கி, அந்த எண்களைக் கிழங்கின்மேல் அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிக் கணிக்க முடியுமா என்று தேடினார்கள். உலர்பொருளை அப்படி ஏற்கெனவே கணிக்கிறார்கள். மற்ற குணங்களுக்கும் அது கைகூடினால், முதல் ஆண்டின் ஒற்றைச் செடியிலேயே, காரி வறுக்காமலே, பெண்களின் கேள்விகளில் சிலவற்றையாவது கேட்டுவிடலாம். மூட்டைக் கிழங்குக்காகப் பல ஆண்டு காத்திருந்து, நல்ல செடிகளை அறியாமலே தூக்கியெறியும் பழைய வரிசை அப்போதுதான் உடையும்.

ஆய்வாளர்களையும் இதற்குப் பழக்க வேண்டும். உகாண்டாவின் மக்கெரேரே பல்கலைக்கழகமும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016ல் ஆப்பிரிக்கப் பயிர் விஞ்ஞானிகளுக்கும் சமூகவியலாளர்களுக்கும் ஒரே வகுப்பில் பயிற்சி தரத் தொடங்கின. இந்தத் துறைக்கு வழியமைத்தவர்களில் ஒருவரான ஹேல் டூஃபனுக்கு 2019ல் நார்மன் போர்லாக் பெயரிலான கள ஆய்வு விருது கிடைத்தது. குட்டைக் கோதுமையின் தந்தை பெயரில் உள்ள விருது பாலினம் பற்றிய பணிக்குப் போனதில் ஒரு நியாயம் இருக்கிறது.

விவசாயிகளைச் சோதனைக்காரர்களாக்கும் இன்னொரு முறையும் பரவிவருகிறது. ஒவ்வொருவருக்கும் பெயர் தெரிவிக்காமல் மூன்று ரகங்களின் விதை தருவார்கள். எது நன்று, எது மோசம் என்று மட்டும் சொன்னால் போதும். மூன்றாவது தானே நடுவில் விழும். படிவங்களும் அளவுகோலும் தேவையில்லாததால், எழுத்தறியாதவரும் தனியாகச் செய்யலாம். இந்தியா, எத்தியோப்பியா, நிகராகுவா நாடுகளில் இப்படி விவசாயிகள் நடத்திய 12,409 சோதனைப் பாத்திகளின் முடிவுகள் 2019ல் வெளியாயின. இதே முறையில் நைஜீரியாவில் மரவள்ளியையும் சோதிக்கிறார்கள். அறுவடையோடு நிறுத்தாமல் காரியாகச் செய்து பார்ப்பதும் அதில் சேர்த்தி.

நைஜீரியா 2020 இறுதியில் ஐந்து புதிய மரவள்ளி ரகங்களை வெளியிட்டது. விவசாயிகளிடமும் காரி செய்கிறவர்களிடமும் கேட்டு, அவர்கள் கையில் கொடுத்துச் சோதித்துத் தேர்ந்தவை. வேகவைத்து உரலில் இடித்துச் சாப்பிடத் தோதான ரகமும் அவற்றில் ஒன்று. ஆனால் அவற்றின் தண்டு ஊர் ஊராகப் போய்ச்சேர வேண்டும். மரவள்ளிக்கு விதைப் பொட்டலம் கிடையாது. கட்டுக்கட்டாகத் தண்டைச் சுமக்க வேண்டும், அதுவும் காய்வதற்குள். வண்டி வைத்திருப்பவரும், விரிவாக்க அலுவலருக்குத் தெரிந்தவரும் முதலில் பெறுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தண்டு உற்பத்தியைச் சிறு தொழிலாக்கி ஊருக்குள்ளேயே விற்கும் ஏற்பாட்டை அங்கே 2015 முதல் கட்டிவருகிறார்கள். அதில் எத்தனை பெண்கள் தண்டு விற்பவர்களாக வருகிறார்கள் என்பதையும் மகசூலைப் போலவே எண்ணிக் குறித்து வைக்க வேண்டும்.